ச-வுக்குப் பக்கத்து வீட்டில் ப

ஆர்மோனியம் வாசிக்கிறவனுக்கு இடக்கை என்று ஒன்று இருப்பதே நாளாக நாளாக மறந்துவிடும். வலக்கை பாட்டோடு ஓடும், கமகம் மாதிரி ஏதோ முயன்று பார்க்கும், கைதட்டலும் வாங்கும். இடக்கை பின்னால் நின்று துருத்தி போடும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரைக்கும் சாப்பிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுவிட்ட மாமா மாதிரி.

விக்கிரவாண்டியில் எங்கள் தெருப் பஜனைக் கோயிலில் நான் ஆர்மோனியம் பழகினேன். மார்கழி விடியற்காலையில் வீதிபஜனை போகும்போது பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசிப்போம். இடக்கைக்குக் குளிர் தெரியாது, ஏனென்றால் அது விசிறிக்கொண்டே இருக்கும். அந்தக் கையைப் பற்றி இவ்வளவுதான் நினைத்திருக்கிறேன், ஒரு டிஜிட்டல் அக்கார்டியன் வீட்டுக்கு வரும்வரை.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய சொந்தக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. திரும்பும்போது பெட்டி எடை கூடிவிட்டது என்று விட்டுவிட்டுப் போனார். வலப்பக்கம் பியானோக் கட்டைகள், ஆர்மோனியத்தில் பார்த்த அதே கறுப்பு வெள்ளை. இடப்பக்கம், துருத்திக்கு அந்தப் புறம், 72 சின்னப் பொத்தான்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், எதிலும் எழுத்து இல்லை. மார்பில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது.

தடவிப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினேன். ச வந்தது. சரி, மேலே அடுத்தது ரி என்று அழுத்தினேன். ப வந்தது. அதற்கு மேலே இருந்ததை அழுத்தினால் ரி. அதற்கும் மேலே த. அப்புறம் க. கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அணைத்து வைத்தேன்.

கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்தது என் இடக்கையின் படிப்பு. அதற்குக் காரணம் தேடினால் கல்கத்தா வரை போக வேண்டும்.

அக்கார்டியனும் ஆர்மோனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒலிப்பது ரீடு என்று நாம் சொல்லும் மெல்லிய உலோக நாக்கு. காற்று அதன் இடுக்கு வழியே போகும்போது நாக்கு துடிக்கிறது. 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியன் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் அல்ல, பல சுரம் சேர்ந்த ஒரு கார்டே ஒலிக்கும். கார்டுக்கு ஜெர்மன் மொழியில் 'அக்கார்ட்' என்று பெயர், கருவிக்கும் அதுவே பெயராயிற்று. 1842-ல் பாரிசில் அலெக்சாண்டர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மேசை போல நிற்கும் கருவி. நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்துத் துருத்தி ஊதி, இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். நம் ஊரில் பாடகர்கள் தரையில் உட்கார்கிறவர்கள். 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கால் மிதியை எடுத்துவிட்டு, துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்தார். ஆர்மோனியம் மடியளவுக்குச் சுருங்கியது. காலின் வேலை இடக்கைக்கு வந்தது. இடக்கையின் வேலை யாருக்கும் போகவில்லை, அப்படியே நின்றுபோனது.

அந்த இடக்கை வேலையும் அவ்வளவு நுட்பம் கேட்காது. ஆர்மோனியத்தில் நாம் விசிறும் வெளித்துருத்தி தவிர, பெட்டிக்குள்ளே வில் வைத்த இன்னொரு துருத்தி இருக்கிறது. வெளியே ஏற்ற இறக்கமாக ஊதினாலும் உள்ளே காற்று சேர்ந்து, ஓரளவு ஒரே அழுத்தத்தில் ரீடுக்குப் போகும். மேல்நிலைத் தொட்டி வைத்த வீட்டில் மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருமே, அது மாதிரி. அக்கார்டியனில் தொட்டி கிடையாது. கை இழுக்கும் இழுப்புதான் ஒலியின் அளவு. டிஜிட்டலில் ரீடே இல்லை. துருத்திக்குள் ஓர் உணரி காற்றழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. இல்லாத ரீடுக்காகக் கை ஊத வேண்டும், ஊதும்போதே நான்கு விரல்கள் பொத்தான் தேட வேண்டும். கட்டைவிரல் மட்டும் பெட்டிக்கு வெளியே, வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும்.

பொத்தான்களின் அடுக்குமுறைக்கு ஸ்ட்ராடெல்லா என்று பெயர். வட இத்தாலியில் அக்கார்டியன் செய்த ஓர் ஊரின் பெயர் அது. முழுக் கருவியில் 120 பொத்தான்கள், நெடுக்காக 6 வரிசை, குறுக்காக 20 பத்தி. துருத்தியை ஒட்டி இருக்கும் முதல் வரிசையை விட்டுவிட்டு இரண்டாவதைப் பாருங்கள், அதுதான் ஆதார வரிசை. அதில் ச-வுக்கு மேலே, அதாவது நம் தாடையை நோக்கி, ப. ப-வுக்கு மேலே அதனுடைய ப. இப்படியே போகும். முதல் வரிசையில் அந்தந்தச் சுரத்தின் அந்தர காந்தாரம். மூன்றாவது வரிசை முதல் ஆறாவது வரை மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்டு கார்டுகள். ஒரே பொத்தானில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும்.

பொத்தான் 120 என்றாலும் சுரம் 12தான். பழைய இயந்திர அக்கார்டியனின் இடப்பக்கத்தைத் திறந்தால் கம்பியும் நெம்புகோலுமாக நெசவுத் தறி மாதிரி இருக்கும். ஒரு கார்டுப் பொத்தான் மூன்று நெம்புகோலைத் தள்ளி மூன்று அடைப்பைத் திறக்கும். டிஜிட்டலில் அந்தத் தறி முழுக்க ஓர் அட்டவணையாகிவிட்டது: இந்தப் பொத்தான் என்றால் இந்த மூன்று சுரம். இந்த வேறுபாடு எனக்கு என்ன வம்பு தேடித் தந்தது என்பது பின்னால் வரும்.

இப்போது என் முதல் நாள் குழப்பத்துக்கு வருவோம். ஆர்மோனியக் கட்டை ஒரு தெரு. பக்கத்து வீட்டில் இருப்பவர் அண்டை வீட்டுக்காரர், அவ்வளவுதான், உறவு இருக்க வேண்டியதில்லை. ச-வுக்குப் பக்கத்தில் ரி இருப்பது அதன் அதிர்வெண் அடுத்ததாக இருப்பதால். அக்கார்டியனின் இடப்பக்கமோ உறவுமுறைப்படி குடி வைத்த ஊர். ச-வுக்கு நெருங்கிய சொந்தம் யாரோ அவர்தான் பக்கத்து வீடு.

சொந்தம் என்று நான் சும்மா சொல்லவில்லை, அளந்தே பார்க்கலாம். ச-வின் அதிர்வெண் 240 என்று வைத்துக்கொள்வோம். எந்த ரீடும் 240 மட்டும் ஒலிக்காது. அதன் மடங்குகளான 480, 720, 960 எல்லாம் மெலிதாகக் கூடவே ஒலிக்கும். ப-வின் அதிர்வெண் ச-வைப்போல ஒன்றரை மடங்கு, 360. அதன் மடங்குகள் 720, 1080. இரண்டாவது படியிலேயே 720-ல் இருவரும் சந்தித்துவிடுகிறார்கள். ரி 270. ச-வின் மடங்குகளும் ரி-யின் மடங்குகளும் முதன்முதலாக ஒன்றுசேரும் இடம் 2160. ச ஒன்பது படி ஏற வேண்டும், ரி எட்டுப் படி. அண்டை வீடுதான், ஆனால் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில்தான் ஒன்றாகிறார்கள். ச-வையும் ரி-யையும் சேர்த்து அழுத்தினால் காது நெளிவதும், ச-வையும் ப-வையும் சேர்த்தால் ஒரே குரல் போலக் கேட்பதும் இந்தக் கணக்கால்தான்.

இந்த உறவு வரிசையை இத்தாலிக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த என்னை, ஒரு நாள் சிலப்பதிகார உரை உலுக்கிவிட்டது. ஏழு சுரங்களுக்கும் நம் பழைய பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலைச் ச என்று கொண்டால் இளிதான் ப. உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் பழைய இலக்கணம் இந்தச் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையைச் சொல்கிறது. தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை. அக்கார்டியனை மடியில் வைத்து, ஆதார வரிசையில் ச-வுக்கு இரண்டு பொத்தான் கீழே தொடங்கி வரிசையாக மேலே அழுத்திக்கொண்டே போனேன். நி, ம, ச, ப, ரி, த, க. ஏழு பொத்தான், ஒன்றுகூடத் தாண்டவில்லை. அந்த நூற்பாவை இடக்கை படிக்கிற மாதிரி இருந்தது. இந்த ஏழையும் ஏறுவரிசையில் அடுக்கினால் வருவது அரிகாம்போதி. பழந்தமிழரின் செம்பாலை அதுதான் என்று பல இசை ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ச-வில் தொடங்கி ஐந்து பொத்தானோடு நிறுத்திக்கொண்டால் மோகனம்.

அதே சிலப்பதிகாரத்தில் வரும் ஆய்ச்சியர் குரவையில் இடைச்சி மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி அவர்களுக்குச் சுரங்களின் பெயர் வைக்கிறாள். குரலாக நின்றவள் மாயவன், இளியாக நின்றவள் அவன் அண்ணன் பலராமன், துத்தமாக நின்றவள் நப்பின்னை. ச, ப, ரி. அக்கார்டியனில் அடுத்தடுத்த மூன்று பொத்தான்கள். இளங்கோ வேண்டுமென்றேதான் அந்த மூவரையும் ஒரு குடும்பமாக்கினார் என்பது என் எண்ணம். நிரூபிக்க வழியில்லை, ஆனால் விடவும் மனமில்லை.

எங்கள் ஊரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சாலை பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிறது. வருடக்கணக்காக அகலப்படுத்தப்பட்டுக்கொண்டே இருந்த சாலை. அந்தச் சாலையின் மறுமுனையில் உட்கார்ந்து இந்த ச-ப கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் பிறந்தவர், சித்த மருத்துவர். மருந்து விற்ற பணத்தில் இசை மாநாடுகள் கூட்டினார், 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். ச-விலிருந்து ப, ப-விலிருந்து அதன் ப என்று போகும் முறையில் பன்னிரண்டு சுரங்களும் எப்படிப் பிறக்கின்றன என்பது அந்த நூலின் முதுகெலும்பு. அடுத்து விபுலானந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' தந்தார். இருவரும், சுரங்களை வட்டமாக அடுக்கும் வட்டப்பாலையைப் பன்னிரண்டு இராசி வீடாக வரைந்து விளக்கியவர்கள். அந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக நிமிர்த்தினால் ஸ்ட்ராடெல்லா வரிசைக்கு அண்ணன் தம்பி.

வெட்டுகிற இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்றரை மடங்கைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள், 129.75 வரும். ஏழு ஸ்தாயி மேலே இருக்கும் ச-வோ 128. வட்டம் மூடவில்லை. நூற்றுக்கு ஒன்றரை பங்குக்குச் சற்றுக் குறைவான அந்தப் பிசிறைப் பன்னிரண்டு ப-க்களுக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் காதுக்குத் தெரியாத அளவு குறைத்துத்தான் மேற்கத்திய ரீடுகளைச் சுருதி சேர்க்கிறார்கள். ப-வில் அது தெரியாது, காந்தாரத்தில் தெரியும். ஆர்மோனியத்தின்மேல் நம் வித்வான்களுக்கு இருந்த கோபத்தில் பாதி இது. மறுபாதி, கட்டையில் கமகம் வராதது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்து, 1971-ல்தான் பிடி தளர்த்தியது. அக்கார்டியனுக்கு அந்த வழக்கே வரவில்லை. அது கச்சேரி மேடை ஏறாமல் சினிமாவிலும் தேவாலயத்திலும் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டது. எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கார்டியனைக் கேட்டவர்களுக்கு அந்தத் துருத்தியின் பெருமூச்சு தெரியும்.

காரணம் புரிந்துவிட்டது. விரலுக்குப் புரிய வேண்டுமே. மூளையில் ஒரு விஷயம் தெளிவாவதற்கும் விரலில் அது இறங்குவதற்கும் நடுவே எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொன்னால் தொட்டுவிடுகிறோம். தசைக்குள்ளும் மூட்டிலும் இருக்கும் நரம்பு முனைகள், கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று இடைவிடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது முடிகிறது. அக்கார்டியனின் இடக்கை இந்த உணர்வை நம்பியே வாழ்கிறது. ஆனால் அந்த உணர்வுக்குத் தொடக்கப்புள்ளி ஒன்று வேண்டும். அதனால்தான் ச-ப் பொத்தானில், அதாவது ஒரு கட்டைச் சுருதிக்குரிய பொத்தானில், சின்னக் குழி போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எம். எந்திரத்தில் 5 என்ற எண்ணின்மேல் ஒரு புள்ளி தட்டுப்படுமே, அதே தந்திரம். விரல் குழியில் உட்கார்ந்தால் மற்ற எல்லாம் அங்கிருந்து இத்தனை தூரம் என்று கை கணக்கிட்டுக்கொள்ளும்.

நான் அப்படிப் பழகவில்லை. முதல் மாதம் முழுக்க எதிரே நிலைக்கண்ணாடி வைத்துக்கொண்டு வாசித்தேன். எங்கள் பக்கம் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்கார வாத்தியார் ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பொட்டிய மார்ல மாட்டிக்கினு கண்ணாடி பாக்கற? மாப்பிள்ள அழைப்பா?" என்றார். கண்ணாடியை எடுத்துவிட்டேன். ஆனால் குழியைத் தேடுவதற்குப் பதிலாக அடி ஓரத்திலிருந்து பொத்தான்களை எண்ணும் வழக்கம் வந்துவிட்டது. ஆறாவது, ச.

அது எவ்வளவு பெரிய தவறு என்று சென்னையில் ஒரு கடையில் 120 பொத்தான் கருவியை மாட்டியபோது தெரிந்தது. அடியிலிருந்து ஆறு எண்ணினேன். விரலுக்குக் குழியும் தட்டுப்பட்டது. நிம்மதியாக அழுத்தினால் ஐந்தரைக் கட்டையில் ச ஒலிக்கிறது. பெரிய கருவியில் ஒரு கட்டை அடியிலிருந்து பத்தாவது. வழி தவறாமல் இருக்க மேலேயும் கீழேயும் இன்னும் இரண்டு பொத்தான்களில் அடையாளம் வைப்பார்கள், அதில் ஒன்றின்மேல் நான் விழுந்திருக்கிறேன். கடைக்காரர் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்.

ஓரத்திலிருந்து எண்ணாமல் குழியிலிருந்து தடம் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த அடுக்கின் பெரிய வசதி கைக்கு வந்தது. ஆர்மோனியக்காரனுக்குக் கட்டை மாற்றுவது பெரும்பாடு. ஒரு கட்டையில் சங்கராபரணம் முழுக்க வெள்ளை. இரண்டு கட்டைக்கு மாறினால் காந்தாரமும் நிஷாதமும் கறுப்பில் ஏறும். ஒவ்வொரு கட்டைக்கும் கைக்கு வேறு வடிவம், வேறு பாடம். அக்கார்டியன் இடக்கையில் சங்கராபரணம் நான்கு பத்திக்குள், இரண்டு வரிசைக்குள் அடங்குகிறது: ஒரு பத்தியில் ம-வும் த-வும், அடுத்ததில் ச-வும் க-வும், அடுத்ததில் ப-வும் நி-யும், கடைசியில் ரி. பாடகர் ஐந்து கட்டை கேட்டால் கையை ஒரு பொத்தான் மேலே நகர்த்து. நான்கு கட்டைக்கு ஒரு பொத்தான் கீழே. இரண்டு கட்டைக்கு இரண்டு பொத்தான் மேலே. விரல் வடிவம் மாறவே மாறாது.

120-க்கு 20 பத்தி எதற்கு, சுரம் 12தானே என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. 12 பத்தி இருக்கும் என் 72-ல் ஒன்றரைக் கட்டை அடி ஓரத்தில் கிடக்கிறது. அதன் ம-வுக்குக் கீழே இடமில்லை. அது மேல் ஓரத்துக்குப் போய்விட்டது. வட்டத்தை வெட்டிய இடம் அது. பெரிய கருவியில் வரும் கூடுதல் எட்டுப் பத்திகளும் ஏற்கெனவே இருக்கும் சுரங்கள்தான். கை வடிவம் ஓரத்தில் உடையக் கூடாது என்பதற்காகவே அவற்றைத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

விரல் பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதைத் தட்டச்சுக்காரர்களிடம் கேட்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு விரலில் ஏறியது தட்டச்சுப் பொறியின் விசை அடுக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 வந்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று யோசித்துப் பிரித்த அடுக்கு, பழகவும் சுலபம். ஆனாலும் பழைய ஆட்கள் கணினியிலும் தட்டச்சு அடுக்கையே போட்டுக்கொள்கிறார்கள். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நன்கு ஊறிய பழக்கம் எழுத்து எழுத்தாக இருப்பதில்லை. ஒரு சொல் முழுவதும் ஒரே அசைவாகச் சுருண்டு கிடக்கிறது. அதைப் பிரித்து மறுபடி எழுத்தெழுத்தாகப் பழக வேண்டுமென்றால், தெரியாதவனைவிடத் தெரிந்தவனுக்குத்தான் முதலில் தடுமாற்றம் அதிகம்.

டிஜிட்டல் அக்கார்டியன் இந்தத் தடுமாற்றத்தைப் பட்டியலிட்டு விற்கிறது. ரோலண்ட் நிறுவனம் வி-அக்கார்டியனை 2004-ல் கொண்டுவந்தது. பொத்தானுக்கும் சுரத்துக்கும் நடுவே இருந்த நெம்புகோல் போய் அட்டவணை வந்துவிட்டதால், அட்டவணையை மாற்றினால் கருவியே மாறிவிடும். ஆதார வரிசை இரண்டு வேண்டுமா, மூன்று வேண்டுமா? கார்டே வேண்டாம், எல்லாப் பொத்தானும் தனிச்சுரமாக இருக்கட்டும் என்றால் அதற்கும் பல அடுக்குகள் உண்டு, ரஷ்யர்களின் பயான் முறை உட்பட. இயந்திர அக்கார்டியனில் இதெல்லாம் பெரும்பாலும் வேறு வேறு கருவி. கர்நாடக இசை வாசிக்கிறவனுக்குக் கார்டு வரிசைகள் வீண் என்பதால், ஒரு நாள் எல்லாவற்றையும் தனிச்சுரமாக்கிப் பார்த்தேன். குழி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வீடு மாறிவிட்டார்கள். இரண்டு நாளில் பழைய அடுக்குக்கே திரும்பினேன். அந்த இரண்டு நாளுக்கு அபராதமாக, அப்புறம் ஒரு வாரம் என் விரல்கள் ப-வுக்குப் பதிலாக வேறெதையோ தொட்டுக்கொண்டிருந்தன.

பெட்டிக்கார வாத்தியாருக்குத் தானும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாட்டிவிட்டேன். வலக்கை வைத்ததும் பாட்டு வந்துவிட்டது. இடக்கை வழக்கம்போல விசிற ஆரம்பித்தது. அக்கார்டியன் துருத்தியை அப்படி விசிறினால் ஒலி விக்கும். "வாத்தியாரே, இந்தக் கையிலும் சுரம் இருக்கு" என்று அவருடைய நடுவிரலைப் பிடித்துக் குழியில் வைத்தேன். ச. "பக்கத்துல மேல ஒண்ணு அழுத்துங்க." ப. இரண்டையும் சேர்த்து அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆறு வரிசையும் பன்னிரண்டு பத்தியும் இருக்கிற அந்தப் பெட்டியில் வேறெதையும் தொடவில்லை. வலக்கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பொத்தானை மட்டும் பிடித்துக்கொண்டு, கர்ணன் மோட்சக் கூத்திலிருந்து ஒரு விருத்தத்தை எடுத்தார். துருத்தி முழுக்க விரிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு கணம் அறுந்தது. நான்காவது முறை அவர் அதைக் கண்டுகொண்டு, தான் மூச்சு வாங்கும் இடத்தில் துருத்தியையும் திருப்பத் தொடங்கினார்.

"நல்ல சுருதிப்பொட்டிப்பா" என்றார் இறக்கி வைக்கும்போது. "கொஞ்சம் வெயிட்டு."